இரண்டு தெரு தள்ளி நிற்கும் கார்

அத்தியாயம் 9

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் படுக்கப் போன மேனேஜரைச் சென்ற வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மனிதர் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். கம்பெனி இளைஞர்களுக்கென்றே ஒரு சின்னக் கார் கொண்டுவருகிறது. முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களை வாசல்படி ஏற வைக்கத் தெரிந்த ஷோரூம்களுக்குத்தான் அந்தக் கார் கிடைக்கும். மற்றவற்றை மூடிவிடுவார்கள்.

நம் மேனேஜரின் ஷோரூமில் கடந்த ஆறு மாதத்தில் கார் வாங்கியவர்களிலேயே இளையவருக்கு வயது நாற்பத்தொன்று. அவருக்கும் மூட்டு வலி. காரில் ஏற உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் மூன்று தடவை வந்தார்.

இருபத்தாறு வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே கட்டிடம். ஐம்பத்து நாலு வயதில் அந்தக் கட்டிடத்துக்குப் பூட்டுப் போட்டால் வேறு எந்த வாசலில் போய் நிற்பது என்று அவருக்குப் புரியவில்லை.

காலையில் மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவளிடம் பேச்சுக் கொடுத்தார். அவள் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் கை, கால்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். முன்பெல்லாம் பஸ், இப்போது ஒரு வருஷமாகத் தெருமுனைக்கு ஆஸ்பத்திரி வேன் வருகிறது, அதில் போய் அதிலேயே திரும்புகிறாள் என்பது அப்பா அறிந்த செய்தி.

“பாப்பா, உன் வயசுப் பசங்க கார்ல என்ன எதிர்பார்க்கறாங்க?” என்று கேட்டார்.

இருபத்தைந்து வயது பாப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

“இன்னிக்கித்தான் கேக்கணும்னு தோணிச்சாப்பா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மேனேஜருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் டை முடிச்சு சரியாக வரவில்லை என்கிற கவலையில் அதை மறந்துவிட்டார்.

பத்து மணிக்குக் கூட்டம். ஆறு கிளைகளின் மேனேஜர்களும் ஆளுக்கொரு துணையோடு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நம்மவருக்குத் துணை அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஷோரூமில் சேல்ஸ் பிரிவில் இருக்கிறான். வாய் இருக்கிறதே, அது அவனைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு முப்பது வயது தாண்டியிருந்தால் அதிகம். கால்களில் ஓடுவதற்குப் போடுகிற ஷூ. அவளைப் பார்த்ததும், வரப்போகிற மேடத்தின் உதவியாளர் போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு மேனேஜர்கள் டீ கேட்டுவிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே டீ சொல்லி அனுப்பிவிட்டு மேஜையின் தலைப்பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, அந்த இருவருக்கும் வந்த டீ தொண்டையில் இறங்கவில்லை.

யோசனைகள் வரிசையாக வந்தன. ஒருவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டலாம் என்றார். ஒருவர், வருகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு மூலையில் வெளிச்சம் போட்டுக் கொடுக்கலாம் என்றார். இன்னொருவர் விற்பனையாளர்களுக்குக் கிழிந்த ஜீன்ஸ் கொடுக்கலாம் என்றார். அவரே அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர், அதனால் தைரியம்.

நம் மேனேஜர் தன் முறை வந்ததும் எழுந்து, இளைஞர்களுக்கு ஊதா நிறத்தில் சீட் உறை பிடிக்கும் என்று பதினோரு படங்களோடு விளக்கினார். ஊதா, மச்சினனின் கண்டுபிடிப்பு.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அதிகாரி, நம்மிடம் வாங்கியவர்களை நாம் நிறையக் கேட்டுவிட்டோம், நம்மிடம் வாங்காமல் போனவர்களை ஒரு ஆய்வு நிறுவனத்தை விட்டுக் கேட்கச் சொன்னேன் என்றாள். முகம் காட்டக் கூடாது, குரலை மாற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு நாற்பது பேர் பேசியிருக்கிறார்கள். அதில் ஒன்றை மட்டும் போடுகிறேன் என்று விளக்கை அணைக்கச் சொன்னாள்.

திரையில் இரண்டு கைகள் தெரிந்தன. கைகளுக்கு நடுவே ஒரு காகிதக் கோப்பை. கரகரவென்று மாற்றப்பட்ட குரல், ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியாது.

“எனக்கு இந்தக் கம்பெனி கார்தான் வாங்கணும்னு ஆசை,” என்றது குரல். “ஏன்னா எங்கப்பா இதே கம்பெனி ஷோரூம்லதான் இருக்காரு.”

மேஜையைச் சுற்றி லேசாகச் சிரிப்பு எழுந்தது. மேனேஜரும் சிரித்தார்.

“அப்பாகிட்ட நேரா கேட்டா, முதல்ல கல்யாணம் ஆகட்டும்னு சொல்வாரு. அதனால ஒரு கஸ்டமர் மாதிரியே, அவரோட ஷோரூமுக்கே வெப்சைட்ல எழுதிப் போட்டேன். பேரு, வயசு, போன் நம்பர் எல்லாம் குடுத்தேன். அப்பா பேரைப் பார்ப்பாரு, அதிர்ச்சி ஆவாரு, அப்புறம் சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன். ஒன்பது நாள் காத்திருந்தேன். யாருமே கூப்பிடல.”

கைகள் கோப்பையின் விளிம்பைச் சிறிது சிறிதாக உள்பக்கம் மடித்துக்கொண்டே வந்தன. ஒரு சுற்று முடிந்ததும் அதே விளிம்பை மறுபடி பிரித்தன. மேனேஜரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் கைகளை அவருக்குத் தெரியும். எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, இடது மணிக்கட்டில் பிறை மாதிரி விழுந்த தழும்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான். நாலு தையல். அழாமல் இருந்ததற்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

“பத்தாவது நாள் வேற கம்பெனிக்கு எழுதினேன். நாலே நிமிஷத்துல கூப்பிட்டாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு என்னையே கேட்டாங்க. அதை வாங்கிட்டேன். பதினாலு மாசம் ஆச்சு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு வீட்டுக்கு நடந்து போறேன்.”

விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அறையே விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜருக்குக் காது அடைத்துவிட்டது. மற்றவர்களின் வாய் அசைவதுதான் தெரிந்ததே தவிர சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் மச்சினன் மட்டும் சிரிக்காமல், கூரையில் சுற்றும் மின்விசிறியை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊழியர் வீட்டு வாசலில் போட்டிக் கம்பெனியின் கார் நிற்கக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறதே, அந்த அப்பனை முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் கிழிந்த ஜீன்ஸ் யோசனை சொன்னவர். ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினாள்.

“அந்த அப்பா யாருன்னு ஆய்வு நிறுவனம் சொல்லாது. அது ஒப்பந்தம். ஆனா இந்த ஆறு கிளையில ஒருத்தர் அவர். அவரே முன்னால வந்தா நான் பேசணும்,” என்று மட்டும் சொன்னாள். புதுக் கார் எந்தெந்தக் கிளைக்கு என்பது நாளைக் காலை தெரியும் என்று சொல்லி எழுந்தாள்.

மேனேஜர் எழுந்திருக்க இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை நாற்காலி விட்டுக் கொடுத்தது.

ஷோரூமுக்குத் திரும்பியதும் யாரிடமும் பேசாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனசுக்குள் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. பெண் எழுதியது தன் கிளைக்கு வந்தே சேர்ந்திருக்காது. கம்ப்யூட்டர் விழுங்கியிருக்கும்.

இந்த இடத்தில் மேனேஜரின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெப்சைட்டில் விசாரிக்கிறவர்களின் பட்டியலைத் திங்கள்கிழமை தோறும் காகிதத்தில் எடுத்து, வயது வாரியாக அடுக்கி அவர் மேஜைக்குக் கொண்டுவருவார்கள். முப்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஷோரூமில் அவர் வைத்த பெயர் ‘கண்ணாடி’. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், வாங்குகிறவர்கள் இல்லை என்று அர்த்தம். அவர்களைக் கூப்பிட்டு விற்பனையாளர்களின் நேரம் வீணாகக் கூடாது என்று, பட்டியலின் அடிப்பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்து ‘கண்ணாடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதனால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று ஒரு வருஷம் அவருக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அது இப்போதும் அலமாரியின் மேல்தான் இருக்கிறது.

அலமாரியைத் திறந்து போன வருஷத்து ஃபைலை எடுத்தார். பதினான்கு, பதினைந்து மாதம் பின்னால் போய் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவசரத்தில் இரண்டு தாள் கிழிந்தது.

கிடைத்துவிட்டது. அடிப்பக்கத்தில் பதினோரு பேர். ஏழாவதாக அவள் பெயர். எந்தப் பெயர் வைப்பது என்று மனைவியோடு மூன்று மாதம் சண்டை போட்டு அவரே வைத்த பெயர். பக்கத்தில் வயது, இருபத்து நாலு. எதற்குக் கார் என்ற இடத்தில், ‘நோயாளிகள் வீட்டுக்குப் போக’ என்று எழுதியிருந்தாள். குறிப்பு என்ற இடத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. ‘மேனேஜரே கூப்பிட்டால் நல்லது.’

அதன் மேலேதான் நீல மையில் அவருடைய கோடு போயிருந்தது.

மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது. நெஞ்சு வலிக்கிறதோ என்று ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தார். வலி இல்லை. வலித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பெண்ணைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, அவள் பெயரைக்கூடப் படிக்காமல் அடித்துப் போட்டிருக்கிறேனே என்று வாய்விட்டே சொன்னார்.

ஆஸ்பத்திரி வேன் ஞாபகம் வந்தது. தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டு, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு எத்தனை மணிக்கு வேன் திரும்பும் என்று யாரோ போலக் கேட்டார். அப்படி வேன் எதுவும் எப்போதும் கிடையாது, அவரவர் வண்டியில்தான் போகிறார்கள் என்று பதில் வந்தது.

ஐந்து மணிக்கு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்றால் நாலு திசையிலும் தெரு இருக்கிறது. இருபத்தாறு வருஷம் கார் விற்ற மனிதர், ஒரு காரைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். தையல் கடை, இரும்புக் கடை, மூடிக் கிடந்த அச்சகம் என்று எல்லாம் தாண்டி, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில் நாலைந்து வண்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு இடம் மட்டும் காலி. யாரோ தினமும் நிறுத்துகிற இடம் என்று தரையில் சொட்டியிருந்த ஏ.சி. தண்ணீரின் கறையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் நின்றார்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார் வந்தது. காலி இடத்தைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்து, ஒரே திருப்பில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. இந்த இடைவெளியில் இப்படி நிறுத்த அவருடைய ஷோரூம் டிரைவருக்கே மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். அந்த நிலைமையிலும் ‘அடேயப்பா’ என்று தொழில் புத்தி ஒரு நிமிஷம் தலைநீட்டியது.

ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்து மகள் இறங்கினாள். அதை அவர் எதிர்பார்த்துத்தான் நின்றார். மற்றப் பக்கத்துக் கதவும் திறந்தது. அதை எதிர்பார்க்கவில்லை. கையில் காய்கறிப் பையோடு, இருபத்தேழு வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிற அவருடைய மனைவி இறங்கினாள்.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். காய்கறிப் பையிலிருந்து ஒரு தக்காளி விழுந்து உருண்டு நடுத்தெருவுக்கு வந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

“நீயுமா?” என்றார் மேனேஜர்.

மனைவி பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பாளர். எவ்வளவு பெரிய வலியோடு வருகிறவரையும் உட்கார வைத்துப் பேசத் தெரிந்தவள். அவள் இன்று காய்கறிப் பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள்.

“சொல்லலாம்னு எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்திச்சு. நீங்க தினமும் சாப்பிடறப்ப, இந்தக் காலத்துப் பசங்க வெத்துப் பசங்கன்னு ஆரம்பிச்சுடுவீங்க. அப்புறம் எங்கேங்க சொல்றது?” என்றாள்.

காலையில் கூட்டத்தில் பேட்டியைப் போட்டதையும் கைகளை வைத்தே அவளைத் தெரிந்துகொண்டதையும் மேனேஜர் சொன்னார். மகள் அழவில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. அன்று பேட்டி எடுத்தவர்கள் எந்தக் கம்பெனிக்காக என்று சொல்லவே இல்லை, தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றாள். எல்லோர் முன்னாலும் போட்டார்களா என்று கேட்டாள். மேனேஜர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“பேரைப் பார்க்கலம்மா. சத்தியமா பார்க்கல. வயசை மட்டும் பார்த்து இழுத்துட்டேன். ஒரு தடவை பார்த்திருந்தா…”

அவள் தாளைப் பார்த்தாள். நீலக் கோட்டை விரலால் ஒரு தடவை தொட்டாள்.

“இது ரெண்டாவதுப்பா,” என்றாள். “மூணு தடவை எழுதினேன், மூணாவதுக்கு அப்புறம்தான் அந்த ஒன்பது நாள். முதல் தடவை என் பிறந்த நாளன்னிக்கு.”

மேனேஜர் பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டார். இதற்கு மேல் இன்று தன்னை எதுவும் அடிக்க முடியாது என்று நினைத்திருந்தார். அது தப்புக் கணக்காகிவிட்டது. அந்தப் பிறந்த நாளுக்கு அவர் அவளுக்குக் குடை வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது நனையாமல் இருக்கட்டும் என்று.

கைப்பேசி அடித்தது. மச்சினன்.

“மாமா, எங்கே இருக்கீங்க? அந்த மேடம் நம்ம வீட்டு வாசல்ல நிக்கறாங்க. இளசுகள் இருக்கிற மேனேஜர் வீடுகளுக்கு மட்டும் போய்ப் பார்க்கறாங்களாம். வீட்டுல பொண்ணு இருக்குன்னு நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். அவகிட்ட பேசணுமாம். நான் பேச்சுக் குடுத்துப் பிடிச்சு வெச்சிருக்கேன். வண்டியை வழக்கமான எடத்துலயே விட்டுட்டு நடந்து வரச் சொல்லுங்க.”

“வழக்கமான எடமா?”

அந்தப் பக்கத்தில் ஒரு இருமல் கேட்டது. பிறகு, போன மாசம் மழையில் ஒரே ஒரு தடவை தன்னையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டாள் என்று மெல்ல ஒப்புக்கொண்டு மச்சினன் போனை வைத்துவிட்டான்.

ஆக, குடும்பத்தில் இந்தக் காரில் ஏறாத ஒரே ஆள் மேனேஜர்தான்.

விஷயத்தைக் கேட்டதும் மகள் படபடவென்று சாவியை அம்மாவின் பைக்குள் போட்டாள். நடந்தே போய்விடலாம், அவர்கள் கேட்பதற்கெல்லாம் ஊதா நிறம் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன், காரை நாளைக்கே யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றாள். கையெழுத்துப் போட்ட நிபந்தனையும் ஷோரூமை மூடினால் என்ன ஆகும் என்பதும், மாமனின் வாய் புண்ணியத்தில், அவளுக்குத் தெரியாதா என்ன? அப்பாவின் வேலை போய்விட்டால் தன்னால்தான் போயிற்று என்று ஆகிவிடுமே என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

“இந்த வண்டி இல்லாம உன் பேஷண்டுங்களுக்கு என்ன ஆகும்?” என்று கேட்டார் மேனேஜர்.

நாளொன்றுக்கு ஆறு வீடு, பஸ்ஸில் போனால் இரண்டு வீடுதான் முடியும் என்றாள்.

மேனேஜர் மனைவியின் பையிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, தானே பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். மனைவி தயங்கித் தயங்கி முன்னால் ஏறினாள்.

இரண்டு தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டுத் தெரு முனைக்கு வந்தபோது கேட் அருகே அந்த அதிகாரியும் மச்சினனும் நிற்பது தெரிந்தது. மச்சினன் இரண்டு கைகளையும் ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான்.

மகள் வேகத்தைக் குறைத்தாள்.

“நேரா போயிடட்டுமாப்பா? இன்னும் அவங்க பார்க்கல.”

மனைவி திரும்பிப் பார்த்தாள். மேனேஜருக்கு இருபத்தாறு வருஷமும் ஒரே நிமிஷத்தில் கண்ணுக்குள் வந்து போனது. நேராகப் போனால் யாருக்கும் தெரியாது. நாளைக் காலை ஒருவேளை புதுக் காரும் கிடைக்கலாம்.

“திருப்பு,” என்றார்.

கார் வந்து கேட் எதிரே நின்றது. அதிகாரி முதலில் காரின் முன்னால் இருந்த முத்திரையைப் பார்த்தாள், பிறகு ஓட்டி வந்த பெண்ணைப் பார்த்தாள். மச்சினன் கையை ஆட்டுவதை நிறுத்தித் தலையில் வைத்துக்கொண்டான்.

மேனேஜர் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“மேடம், இவ என் பொண்ணு. காலையில நீங்க கேட்ட அப்பா நான்தான். மூணு தடவை எழுதிக் கேட்டிருக்கா. மூணு தடவையும் நான்தான் அடிச்சேன்.”

அந்த அதிகாரி கைப்பேசியை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். யாருக்கோ எண்ணை அழுத்திக் காதில் வைத்து, “ஆள் கிடைச்சுட்டாரு சார்,” என்றாள்.